வலது லேனுக்குப் பட்டா யார் பேரில்?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. கடிதம் மூன்று பக்கம், கோபம் ஆறு பக்கத்துக்கு இருக்கிறது. சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 57 வயது. ஐம்பது தாண்டித்தான் கார் ஓட்டக் கற்றேன். வாரம் ஒருமுறை நாகர்கோவிலில் இருக்கும் அம்மாவைப் பார்க்க நாலுவழிச் சாலையில் போய் வருகிறேன். எண்பதுக்கு மேல் மிதிக்க மாட்டேன். இடது லேனில் பைக், ஆடு, எதிர்த்து வருகிற ஆட்கள் என்று தொல்லை அதிகம், அதனால் ஏறியதிலிருந்து இறங்கும்வரை வலது லேன்தான். போன மாதம் நாங்குநேரி டோல் தாண்டியதும் பின்னால் காரில் வந்த ஒரு பையன் விடாமல் லைட் அடித்தான். நான் ஒழுங்கான வேகத்தில்தானே போகிறேன், இவனுக்கு எதற்கு வழி விட வேண்டும் என்று நானும் விடவில்லை. கடைசியில் இடது பக்கமாக ஏறி வந்து, முன்னால் கட் அடித்து, பிரேக்கும் போட்டான். மயிரிழையில் தப்பினோம். வள்ளியூர் பக்கம் அவன் நிறுத்தினான், நானும் நிறுத்தினேன். நடுரோட்டில் வாய்ச்சண்டை. வீட்டுக்காரி அன்றிலிருந்து என்னோடு காரில் ஏற மாட்டேன் என்கிறாள். சென்னையிலிருந்து வந்த மகன் 'தப்பு உங்க மேலதாம்ப்பா' என்கிறான். நீங்கள்தான் பஞ்சாயத்துச் சொல்ல வேண்டும். கூடவே, காரில் கேமரா மாட்டலாமா என்பதையும் சொல்லவும்."

அண்ணாச்சி, தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏசுவதென்றால் முழுவதும் படித்துவிட்டு ஏசுங்கள். அந்தப் பையன் இடது பக்கம் ஏறினான், கட் அடித்தான், பிரேக் போட்டான். மூன்றுமே உயிரெடுக்கிற தப்பு. உங்கள் கணக்கில் ஒன்றுதான், ஆனால் அது இல்லாவிட்டால் மற்ற மூன்றுக்கும் அன்றைக்கு வேலையே இருந்திருக்காது. எண்பதில் போனதை நான் குறை சொல்லவில்லை. எண்பதில் போய்க்கொண்டே வலது லேனில் குடியிருந்தீர்கள் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் மனதில் இடது லேன் மெதுவாகப் போகிறவனுக்கு, வலது லேன் வேகமாகப் போகிறவனுக்கு என்று பதிந்து கிடக்கிறது. அது கோணல். வலது லேன் முந்துவதற்கு. முந்தி முடித்தால் இடதுக்குத் திரும்பிவிட வேண்டும், எண்பதில் போகிறவராக இருந்தாலும் சரி, நூற்றிருபதில் பறக்கிறவனாக இருந்தாலும் சரி, அங்கே யார் பேரிலும் பட்டா எழுதித் தரவில்லை. 1989-இல் போட்ட சாலை விதிகளிலும் இதுதான், அதற்குப் பதிலாக 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குவிதிகளிலும் சாரம் இதுதான்: இடதை ஒட்டிப் போ, வலது பக்கமாக முந்து, உன்னை ஒருவன் முந்தும்போது வேகத்தைக் கூட்டாதே, மறிக்காதே. முந்துகிறவன் ஒழுங்கான வேகத்தில் வந்தால் மட்டும் வழி விடு என்று அதில் ஒரு ஒட்டு கிடையாது. அவன் வேகத்தைக் கேட்கப் போலீஸ் இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் அந்த உத்தியோகத்தை யாரும் கொடுக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு சொல்லைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன். "இவனுக்கு." பின்னால் வந்தது 108 ஆம்புலன்ஸாக இருந்தால் ஒதுங்கியிருப்பீர்கள், ஒதுங்க உங்களுக்கு இடமும் இருந்தது, தைரியமும் இருந்தது. இவன் என்பதால் ஒதுங்கவில்லை. அதாவது ஆடும் பைக்கும் எதிர்த்து வருகிற ஆளும் அந்த நிமிஷம் காரணமே இல்லை, வீம்புதான் காரணம். மனைவி காரில் ஏற மறுப்பது பையன் கட் அடித்ததற்காகவா, நீங்கள் விட மாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகத்தைப் பார்த்ததற்காகவா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சரி, உங்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. இருபது வருஷமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். கிளட்ச், கியர், எட்டு, ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது, ரிவர்ஸ், அவ்வளவுதான் சொல்லிக்கொடுக்கிறோம். லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் ஆள் நேராக நாலுவழிச் சாலையில் போய் ஏறுகிறார், லேன் என்றால் என்ன என்று அதுவரை யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. இதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

இடது லேன் தொல்லை என்கிறீர்களே, அது பொய்யில்லை. பொன்னாக்குடியிலிருந்து மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று வரிசையாக ஊர். சர்வீஸ் ரோடு எங்கேயோ முடிந்து பைக் திடீரென்று மெயின் ரோட்டில் ஏறும். மீடியன் திறப்பு ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்று எதிர்த்திசையிலேயே வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் ஒருவர் தலையில் புல்லுக்கட்டு வைத்திருப்பவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வருவார். ராத்திரியில் டீக்கடை வாசலில் லைட் இல்லாமல் பாதி லேனை அடைத்து நிற்கிற லாரி. லாரிக்காரர்கள் வலது லேனைப் பிடித்துக்கொண்டு விடாததற்கும் இதுதான் காரணம். 25 டன் ஏற்றிக்கொண்டு அறுபதில் சீராகப் போகிறவனுக்கு, ஒவ்வொரு பைக்குக்கும் பிரேக் போட்டு, கியரை இறக்கி, மறுபடி வேகம் பிடிப்பதென்றால் டீசலும் போகும் உயிரும் போகும். பத்துப் பைசா மிச்சம் பிடிக்க வலதில் ஏறி உட்கார்ந்துகொள்கிறான். சரி என்று சொல்ல வரவில்லை, புரிந்துகொள்ளுங்கள் என்கிறேன். டிரைவிங் ஸ்கூலுக்கு முன்னால் ஒன்பது வருஷம் நானும் தூத்துக்குடி உப்பு லோடு அடித்தவன்தான்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது முழு நேரமும் இடதிலேயே கிடங்கள் என்றில்லை. முன்னால் இடது லேனில் கண்ணுக்கு எட்டிய தூரம், ஒரு நானூறு மீட்டர் என்று வையுங்கள், காலியாக இருக்கிறதா? எண்பதில் அதைக் கடக்க உங்களுக்கு இருபது விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அவ்வளவு காலி இருந்தால் இடதுக்கு வாருங்கள். ஊர் வருகிறது, பைக் கூட்டம் தெரிகிறது என்றால் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு வலதில் ஏறுங்கள், தாண்டினதும் இறங்குங்கள். அறுபதில் போகிற ஒரு லாரியை எண்பதில் முந்த உங்களுக்குச் சுமார் பதினாலு விநாடி போதும், முந்நூறு மீட்டர் ரோடு போதும். நடுக் கண்ணாடியில் லாரியின் இரண்டு ஹெட்லைட்டும் முழுசாகத் தெரிகிறதா, அப்போது இடது இண்டிகேட்டர் போட்டு வந்துவிடலாம். வலது லேனில் உங்கள் பங்கு அந்தப் பதினாலு விநாடி.

முந்திக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒருவன் வந்து லைட் அடிக்கிறான் என்றால் பதற வேண்டாம். அப்போது நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள், அவன் காத்திருக்கட்டும். அவனுக்குப் பயந்து நூற்றுப் பத்தில் மிதிக்கவும் வேண்டாம், லாரி மூக்குக்கு முன்னால் சட்டென்று நுழையவும் வேண்டாம். இடது இண்டிகேட்டரை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே போட்டுவிடுங்கள். இந்த ஆள் போகப்போகிறார் என்று தெரிந்துவிட்டால் பின்னால் இருக்கிறவனுக்குப் பாதிக் கோபம் அதிலேயே இறங்கிவிடும். பத்து மீட்டரில் ஒட்டிக்கொண்டு வருகிறான் என்றால் பயமுறுத்தப் பிரேக்கைத் தட்டிக் காட்டுகிற வேலை மட்டும் கூடவே கூடாது. மணிக்கு நூறில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் போகிறது வண்டி. அவன் பிரேக்கில் கால் வைக்கும் முன்பே உங்கள் டிக்கிக்குள் இருப்பான்.

இனி உங்கள் வீட்டுத் தம்பிக்கு. "தப்பு உங்க மேலதாம்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனைப் பார்க்கப் போயிருப்பார், அவரையும் கூப்பிட்டு இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, ஒரு கணக்கு. அறுபதில் போகிற லாரியை அறுபத்தைந்தில் ஒரு லாரி முந்துகிறது. இரண்டும் நீளம், முன்னும் பின்னும் விட வேண்டிய இடைவெளி, எல்லாம் சேர்த்து அறுபது மீட்டர் அதிகப்படியாகப் போக வேண்டும், வேக வித்தியாசமோ ஐந்துதான், ஆகவே 43 விநாடி ஆகும். பின்னால் தொண்ணூறில் வந்து மாட்டிக்கொண்ட உங்களுக்கு அந்த 43 விநாடி ஒரு யுகம், ஹாரனிலிருந்து கை எடுக்க மனம் வராது. ஆனால் அந்த நேரத்திலும் நீங்கள் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள். தொண்ணூறிலேயே போயிருந்தால் அதே தூரத்துக்கு 31 விநாடி ஆகியிருக்கும். நிஜமான நஷ்டம் 12 விநாடி. நாகர்கோவில் போய்ச் சேர்வதற்குள் பத்து லாரி இப்படி மறித்தாலும் இரண்டு நிமிஷம். உங்கள் அப்பா அன்றைக்கு அந்தப் பையனை ஐந்து கிலோமீட்டர் பிடித்து வைத்திருந்தார் என்றே வைத்துக்கொள்வோம், நூறில் போக வேண்டியவன் எண்பதில் போனதால் அவனுக்குப் போனது 45 விநாடி. அதற்கு இடது பக்கம் ஏறினான்.

இடது பக்கம் ஏறுவதைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிற வண்டி வலது பக்கம் திரும்பப் போகிறேன் என்று சைகை காட்டி நடுவுக்குப் போயிருந்தால் இடது பக்கமாகப் போகலாம், அதற்கு விதியில் இடம் உண்டு. மற்றபடி ஏறாதீர்கள். காரணம் விதிப் புத்தகத்தில் இல்லை, லாரி கேபினில் இருக்கிறது. நம் நாட்டில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். அங்கிருந்து பார்த்தால் லாரியின் இடது கதவை ஒட்டி ஒரு கார் முழுசாக நின்றாலும் தெரியாது. ஏழாம் நம்பர் ரோடு என்று சொல்வோமே, இன்றைக்கு 44 ஆகிவிட்ட அதே ரோடு, அது இருவழியாக இருந்த காலத்தில் கங்கைகொண்டான் பக்கம் ஒரு மாட்டு வண்டியை முந்திவிட்டு இடதுக்கு இறக்கப் போனேன். கிளீனர் பையன் கதவை வெளிப்பக்கம் படபடவென்று தட்டினான். ஏன் என்று கேட்கவில்லை, ஸ்டியரிங்கை அப்படியே பிடித்துவிட்டேன். மண்ணில் இறங்கி இடது பக்கமாக ஒரு பைக் எங்களைத் தாண்டிப் போனது. பின்னால் ஒரு பெண், அவள் மடியில் பிள்ளை. தாழையூத்து வந்ததும் வண்டியை ஓரம் கட்டி அந்தக் கிளீனருக்கு இரண்டு ஆம்லெட் வாங்கிக் கொடுத்தேன், என்னால் சாப்பிட முடியவில்லை. இன்றைக்கு கிளீனர் இல்லாமல் தனியாக ஓடுகிற லாரிகள் எத்தனையோ. கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஆளை நிறுத்திவிட்டார்கள், அதோடு லாரிக்கு இருந்த இடது கண்ணும் போய்விட்டது. நீங்கள் இடது பக்கம் ஏறும்போது தட்டிச் சொல்ல அந்தப் பக்கம் ஆள் இல்லை.

பின்னே எப்படித்தான் சைடு வாங்குவது? பின்னால் போய் ஒட்டிக்கொண்டால் கிடைக்காது, ஒட்டினால் அவன் கண்ணாடியில் நீங்கள் தெரியவே மாட்டீர்கள். எழுபது எண்பது மீட்டர் தள்ளி, அவன் வலது கண்ணாடியில் உங்கள் முகப்பு தெரிகிற மாதிரி நில்லுங்கள். ஒரு சின்ன ஹாரன், ஒரு டிப். பொறுங்கள். இடதில் இடம் கிடைத்ததும் பெரும்பாலும் விட்டுவிடுவான், லாரிக்காரன் காரோட்டியைப் போல இதை மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்வதில்லை, அவனுக்கு அடுத்த டீதான் பிரச்சினை. தாண்டும்போது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போங்கள். அவன் காட்டுகிற இண்டிகேட்டரை மட்டும் வேதவாக்காக நம்பாதீர்கள். வலது இண்டிகேட்டர் போட்டால் "எதிரே வண்டி வருகிறது, ஏறாதே" என்று சிலர் அர்த்தம் வைத்திருக்கிறார்கள், "வா, போ" என்று சிலர் வைத்திருக்கிறார்கள், நிஜமாகவே வலது பக்கம் திரும்பப் போகிறவனும் அதையேதான் போடுவான். அம்பாசமுத்திரம் ரோடு மாதிரி மீடியன் இல்லாத இடத்தில் இந்தக் குழப்பம் ஆளைக் கொன்றுவிடும். எதிரே ரோடு உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் ஏறுங்கள், தெரியவில்லை என்றால் முன்னால் போகிறவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாலும் ஏறாதீர்கள். எதிரே வருகிறவன் லைட் அடிப்பதும் அப்படித்தான், நம் பக்கம் அதற்கு "நான் வருகிறேன், நில்" என்று அர்த்தம். "நீ வா" என்று எடுத்துக்கொண்டு ஏறிவிடக் கூடாது.

அண்ணாச்சி, உங்கள் வழியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது காவல்கிணறு, பணகுடி பக்கம் லாரியை முந்துகிறீர்கள் என்றால், குறிப்பாக நாகர்கோவிலிலிருந்து திரும்பி வருகையில், காற்று உங்கள் இடது பக்கம் மேற்கிலிருந்து வருகிறது. லாரியை ஒட்டிப் போகும்வரை லாரியே காற்றை மறைத்துக்கொள்ளும், அதன் மூக்கைத் தாண்டின நொடியில் மொத்தக் காற்றும் காரின் பக்கவாட்டில் மோதி மீடியன் பக்கமாகத் தள்ளும், அரளிச்செடி உரசுகிற அளவுக்கு. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும், அந்த இடத்தில் வேகம் கூட்ட வேண்டாம். காற்றாலை இறக்கை ஏற்றிப் போகிற நீள டிரெய்லர் முன்னால் போனால் அதை முந்த அவசரப்படவே வேண்டாம், பின்னாலேயே போய் எங்காவது ஒரு பதநீர் குடியுங்கள், அதற்குள் அது போயிருக்கும்.

வள்ளியூரில் இறங்கினீர்களே, அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இனி இறங்காதீர்கள். கட் அடித்துவிட்டு ஒருவன் ஓரம் கட்டி நிற்கிறான் என்றால் பேசுவதற்கு நிற்கவில்லை. கண்ணாடியை ஏற்றி, கதவை லாக் செய்து, நிற்காமல் போய்க்கொண்டே இருங்கள், பின்னால் வந்தால் ஆள் நடமாட்டம் இருக்கிற பெட்ரோல் பங்க்கோ டோலோ பார்த்து நுழையுங்கள். போலீஸுக்கு 112, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033. வண்டி நம்பரை மனைவி குறித்துக்கொள்ளட்டும். முறையில்லாமல் முந்துவது மோட்டார் வாகனச் சட்டம் 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதல் என்றே 2019 திருத்தத்துக்குப் பிறகு தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். நீங்கள் அவன் சட்டையைப் பிடித்தால் கேஸ் உங்கள் பக்கம் திரும்பிவிடும், அந்த வயதில் அவனுக்கு ஸ்டேஷன் வாசல் ஒரு கதை, ரிட்டயர் ஆகும் வயதை நெருங்குகிற உங்களுக்கு அப்படியில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மனைவியோடு வாருங்கள், மூன்றடைப்பு வரை போய்த் திரும்புவோம், நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எத்தனை தடவை இடதுக்கு வந்தீர்கள் என்று அவர்கள் பின்னால் உட்கார்ந்து எண்ணட்டும். கட்டணம் வேண்டாம்.

கேமரா மாட்டலாம், நல்லதுதான். அன்றைக்கே மாட்டியிருந்தால் அவன் கட் அடித்தது அப்படியே பதிவாகியிருக்கும். டோலிலிருந்து அந்த இடம் வரை இடது லேன் காலியாகக் கிடந்ததும் அதிலேயே பதிவாகியிருக்கும்.